ஸ்டியரிங்கில் ஆறு மணி நேரம், ஆலை வாசலில் பதினாறு மணி நேரம்

எங்கள் லாரி ஒன்று சூளகிரி அருகே சாலையின் நடுத்திட்டில் ஏறி நின்றது. அதிகாலை 4.10 மணி. யாருக்கும் காயமில்லை. முன் அச்சு வளைந்தது, ரேடியேட்டர் உடைந்தது, சுமை சரியாமல் நின்றது. ஓட்டுநர் ஐம்பத்து நான்கு வயதுக்காரர், அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருப்பவர். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கண் மூடியது நினைவில்லை அம்மணி, திறந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது" என்றார்.

நாமக்கல்லில் எங்கள் குடும்பத்துக்கு ஆறு லாரிகள். வண்டிகளை அண்ணன் பார்க்கிறார், கணக்கை நான் பார்க்கிறேன். அன்று மாலை ஜி.பி.எஸ். அறிக்கையை எடுத்தேன். வண்டி முந்தைய இரவு 10 மணிக்கு அனந்தபூர் பக்கம் ஓர் ஆலையிலிருந்து புறப்பட்டிருந்தது. மொத்த ஓட்டம் ஆறு மணி நேரம். அதற்கு முன்பு பதினாறு மணி நேரம் வண்டி நின்ற இடத்தில் நின்றிருந்தது. அந்தப் பதினாறு மணி நேரத்துக்கு அறிக்கை வைத்திருந்த பெயர் ‘ஓய்வு’.

அவர் சொன்ன கதை வேறு. காலை 5 மணிக்கு விழித்து, 6 மணிக்கு ஆலை வாசலில் டோக்கன் வாங்கியிருக்கிறார். அரை மணிக்கு ஒருமுறை வரிசை ஒரு வண்டி நீளம் நகரும். நகராவிட்டால் பின்னால் இருப்பவன் புகுந்துவிடுவான். நிழல் இல்லை, கேபின் அடுப்பு. மாலையில் உள்ளே விட்டார்கள். லோடு ஏற்றி, எடை போட்டு, பில் வாங்கி, தார்ப்பாய் கட்டி முடிக்கும்போது இரவு 10. நடுத்திட்டில் ஏறிய நேரத்தில் அவர் விழித்திருந்தது இருபத்து மூன்று மணி நேரம்.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1990களின் பிற்பகுதியிலேயே ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் அது 0.10 அளவை நெருங்குகிறது. நம் நாட்டில் குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்குப் போடும் வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. வாழ்நாளில் சொட்டு மது தொடாத எங்கள் ஓட்டுநர் அந்த அதிகாலையில், சட்டக் கணக்கில் குடிகாரனை விட மோசமான நிலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊதிப் பார்த்தால் குழலில் ஒன்றும் காட்டியிருக்காது.

இனி என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அண்ணன், கேபினில் கேமரா வைக்கலாம் என்றார். அப்பா, பழையபடி வண்டிக்கு இரண்டு ஆள் போடு என்றார். இன்சூரன்ஸ் முகவர், எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை செய்யச் சொன்னார். எனக்கு, பிற நாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று பட்டது. பார்த்ததையும் எடுத்த முடிவையும், ஐந்து பத்து வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

நம் சட்டத்தின் கடிகாரம்

நம்மிடம் விதியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, அறுபது ஆண்டுக்கு மேலாகவே. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூரத் தடமென்றால் அதிகாரியின் ஒப்புதலோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54. ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு குறைந்தது அரை மணி இடைவேளை. ஒரு நாள் வேலை முடிந்து மறு வேலை தொடங்கும் முன் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வு. இடைவேளையையும் சேர்த்து ஒரு நாள் வேலை பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு இந்தச் சட்டத்தையே கை காட்டுகிறது.

படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. எங்கள் ஷெட்டில் இதில் ஒரு வரியைக்கூட நாங்கள் கடைப்பிடித்ததில்லை. சோதனைச் சாவடியில் பெர்மிட் கேட்பார்கள், எப்.சி. கேட்பார்கள், புகைச் சான்று கேட்பார்கள், எடை பார்ப்பார்கள். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று எங்கள் ஓட்டுநர் எவரையும் யாரும் கேட்டதில்லை.

கண்காணிப்பு இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. விதிக்குள்ளேயே இருக்கும் ஓட்டைதான் எனக்குப் புதிது. வேலை நேரம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் வரையறுக்கும்போது, வண்டி ஓடும் நேரத்து வேலை சேரும், அதைச் சார்ந்த பிற வேலை சேரும், முனையங்களில் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவான வெறும் காத்திருப்பு சேரும் என்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு மேற்பட்ட காத்திருப்பு வேலையில் சேராது என்று படிக்கவே அதில் இடமிருக்கிறது. பஸ் நிலையத்தை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள் போலும். பஸ் ஓட்டுநர் அரை மணி நின்றால் டீ குடித்துவிட்டுக் காலை நீட்டலாம். ஆலை வாசல் வரிசையில் நிற்கும் லாரிக்காரருக்கு அந்தக் கதை இல்லை.

இன்னொன்று, சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பது. 1961 சட்டம் ஐந்து தொழிலாளர்கள் அல்லது அதற்கு மேல் இருக்கும் நிறுவனங்களுக்கானதாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகளுக்கான தொகுப்புக்குள் இந்தச் சட்டமும் அடங்கிவிட்டது. அங்கே போக்குவரத்து நிறுவனத்துக்கு வரம்பு பத்துப் பேர். எங்களிடம் ஆறு ஓட்டுநர், இரண்டு கிளீனர், ஆக எட்டுப் பேர். பழைய சட்டத்தில் நாங்கள் உள்ளே இருந்தோம், புதியதில் வெளியே நிற்கிறோம். ஒன்றிரண்டு வண்டிக்காரர்களால் ஓடும் இந்தத் தொழிலில் வேலியை அகலமாகப் போட்டு நடுவில் வாசலையும் திறந்து வைத்தால் ஆடு எங்கே நிற்கும்?

ஆக முதல் வழி, சட்டம் சொல்வதை அப்படியே கடைப்பிடிப்பது. செலவு அதிகமில்லை, கௌரவமும் உண்டு. ஆனால் ஓட்டிய நேரத்தை மட்டும் எண்ணினால், சூளகிரி வண்டி ஆறு மணி நேர ஓட்டத்தோடு எட்டு மணி நேர வரம்புக்குள்ளேயே நின்றிருக்கும்.

ஐரோப்பாவின் பெட்டி, அமெரிக்காவின் பதினான்கு மணி

கடிகாரத்தை உண்மையிலேயே ஓட விட்டவர்கள் ஐரோப்பியர்கள். நாளுக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இருமுறை பத்து. வாரத்துக்கு 56, இரண்டு வாரம் சேர்த்து 90. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். நாள் ஓய்வு பதினொரு மணி நேரம், வாரத்துக்குள் மூன்று முறை மட்டும் ஒன்பதாகக் குறைக்கலாம். இதை ஓட்டுநரின் சொல்லுக்கு விடாமல் டேகோகிராஃப் என்ற பெட்டி பதிகிறது. ஓட்டுநர் தன் அட்டையைச் செருகித்தான் வண்டியை எடுக்க வேண்டும். கடந்த 28 நாள் பதிவைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றிருந்ததை 2024 டிசம்பர் 31 முதல் 56 நாளாக்கிவிட்டார்கள். உணரியின் மேல் காந்தத்தை ஒட்டி வண்டி நிற்பதாகக் காட்டும் திருட்டு அங்கேயும் நடக்கிறது என்று படித்தபோது, மனிதர் எங்கும் மனிதர்தான் என்று ஓர் ஆறுதல்.

பெட்டியை விட என்னை நிறுத்திவைத்தது அந்த விதித்தொகுப்பின் பத்தாம் பிரிவு. ஓடிய தூரத்தையோ ஏற்றிய எடையையோ வைத்து, சாலைப் பாதுகாப்புக்குக் கேடாகும் வகையில் ஓட்டுநருக்குக் கூலியோ ஊக்கத்தொகையோ கொடுக்கக் கூடாது என்கிறது அது. நம் தொழிலின் முதுகெலும்பே அதுதான். டிரிப்புக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு, சீக்கிரம் சேர்த்தால் மேற்கொண்டு பேட்டா. தூங்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஓட்டுநரின் சட்டைப் பையிலிருந்து போகிறது. கூலி முறையை அப்படியே வைத்துக்கொண்டு ஓய்வெடு என்று சொன்னால் அது காதில் ஏறாது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் ஏறாது.

அமெரிக்கா வேறு விதம். பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு வேலை தொடங்கினால் பதினான்கு மணி நேரச் சாளரம் ஒன்று திறக்கிறது. அதற்குள் பதினொரு மணி நேரம்தான் ஓட்டலாம். எட்டு மணி நேரம் ஓட்டினால் அரை மணி இடைவேளை. 2017 டிசம்பர் முதல் இதை மின்னணுக் கருவியில் பதிவது கட்டாயம். அந்தப் பதினான்கு மணி நேரச் சாளரம், பொதுவாக, இடையில் நிற்காது. சரக்குக் கிடங்கின் வாசலில் ஐந்து மணி நேரம் காக்க வைத்தால் அந்த ஐந்தும் கரைந்தே போகும். காத்திருப்பையும் எண்ணுகிறார்களே, இதுதான் சரி என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் மறுபக்கம் புரிந்தது. காக்க வைத்தவருக்கு ஒரு நட்டமும் இல்லை, நட்டமெல்லாம் ஓட்டுநருக்கு. மீதி நேரத்துக்குள் ஊர் சேர வேண்டும் என்று அவர் மிதிக்கிறார். மின்னணுப் பதிவு வந்த பின் அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டதும் அதுவே: நேர விதி மீறல் குறைந்தது, விபத்து அந்த அளவுக்குக் குறையவில்லை, சிறிய நிறுவனங்களின் ஓட்டுநர்களிடம் வேக மீறல் கூடியது.

எங்களுக்கு இதில் எது கிடைக்கும்? பெட்டி இங்கே கட்டாயமில்லை, படிக்க ஆளுமில்லை. ஆனால் அதே பதிவு வேறு பெயரில் நம் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. ஜி.பி.எஸ். இருக்கிறது. ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஃபாஸ்டேக் நேரத்தைக் குத்துகிறது. ஆலை எடைச்சீட்டில் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் அச்சாகியிருக்கின்றன. சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்லில் தேதி இருக்கிறது. இந்த இ-வே பில் ஒரு வேடிக்கை. 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள் கொடுக்கிறார்கள். நாமக்கல்லிலிருந்து மும்பை சுமார் 1,200 கிலோமீட்டர், எனவே ஆறு நாள். லோடு கொடுக்கும் பார்ட்டி எங்களுக்குத் தருவது இரண்டு நாள். லாரி ஓட்டுநரும் மனிதர்தான் என்று ஒப்புக்கொள்ளும் ஒரே துறை வரித்துறை என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன்.

காத்திருப்பைக் கணக்கில் எழுதிய ஊர்

நான் தேடியது ஜப்பானில் கிடைத்தது. அங்கே ஓட்டுநருக்கு ஓட்டும் நேரத்தை மட்டும் எண்ணுவதில்லை. வேலைக்கு வந்த நிமிடத்திலிருந்து விடுபடும் நிமிடம் வரை, காத்திருப்பும் இடைவேளையும் உட்பட, மொத்தமாக ஒரு கணக்கு உண்டு. கட்டுண்ட நேரம் என்று தமிழில் சொல்லலாம். 2024 ஏப்ரல் முதல் அது ஆண்டுக்குப் பொதுவாக 3,300 மணி நேரம். அதே நாளில் ஓட்டுநர்களின் கூடுதல் நேரத்துக்கும் ஆண்டுக்கு 960 மணி நேரம் என்ற உச்சவரம்பு வந்தது. சரக்கு தேங்கிவிடும் என்று நாடே அஞ்சி, அதற்கு ‘2024 சிக்கல்’ என்று பெயர் வைத்துப் பேசியது.

அதற்கும் முன்னால், 2017 ஜூலையிலேயே, பெரிய லாரிகள் சரக்கு அனுப்புபவரின் வாசலில் அரை மணிக்கு மேல் காத்திருந்தால் அந்த நேரத்தை ஓட்டுநரின் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்று விதி செய்திருந்தார்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்கு ஏற்றத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். எழுதிவைத்ததால் அது பேச்சுக்கு வந்தது, பேச்சுக்கு வந்ததால் காத்திருப்புக்குத் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தப் படிவத்தில் இடம் பிடித்தது.

ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் இதை இன்னொரு பக்கத்திலிருந்து பிடிக்கிறார்கள். அங்கே தனி ஓட்டுநருக்கு 24 மணி நேரத்தில் 12 மணி நேர வேலை, தொடர்ந்து 7 மணி நேர ஓய்வு. ஓட்டுநர் களைத்து ஓட்டினால் அவரோடு நிற்காமல், சரக்கை அனுப்பியவர், ஏற்றியவர், பெறுபவர், நேரம் குறித்தவர் வரை பொறுப்பு நீளும். பொறுப்புச் சங்கிலி என்பார்கள். இரண்டு நாளில் மும்பை என்று குறித்துக் கொடுத்தவர் கூண்டில் நிற்பதை நினைத்துப் பார்த்தாலே மனம் குளிர்கிறது. ஆனால் இது அரசு செய்ய வேண்டிய வேலை. ஆறு லாரிக்காரர் ஒருவர் ஆலையின் மேல் சங்கிலி போட முடியாது.

இரண்டு ஆள், தொடர் ஓட்டம்

அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்று விதியே இருந்தது. 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆள் கிடைப்பதில்லை என்பது காரணம், அது உண்மையும்கூட. அப்பா காலத்தில் கிளீனராக ஏறியவர் ஐந்தாறு ஆண்டில் ஓட்டுநராக இறங்குவார். இன்று கிளீனர் வேலைக்கே ஆள் வருவதில்லை. எங்கள் இரண்டு கிளீனர்களில் ஒருவருக்கு அறுபது வயது.

ஆள் கிடைத்தாலும், ஓடும் லாரியில் படுப்பவர் தூங்குவதில்லை, கண்ணை மூடிக் கிடக்கிறார். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் செய்த பழைய கேபினின் பலகையில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்பது நல்ல விதி. எங்கள் ஆறில் ஒன்றுகூட அந்தத் தேதிக்குப் பின் வந்ததல்ல. இரண்டாவது ஓட்டுநரின் சம்பளத்தைப் போட்டால் இப்போதைய வாடகையில் ஐந்து வண்டி நட்டத்துக்குப் போகும். அப்பாவிடம் கணக்கைக் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

தொடர் ஓட்டம் அழகான ஏற்பாடு. 2014இல் தொடங்கிய ரிவிகோ நிறுவனம் இதை நம் நாட்டில் செய்து காட்டியது. நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு மாற்றுமிடம், அங்கே வண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, எதிரில் வரும் வண்டியை வாங்கி ஓட்டுநர் அன்றே வீடு திரும்புவார். வண்டி நிற்பதில்லை, மனிதர் நிற்கிறார். நான் பார்த்த வழிகளில் ஓட்டுநரின் மனைவிக்குப் பிடிக்கக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் இரு பக்கமும் சம அளவில் லோடு ஓட வேண்டும், தடத்தில் நூற்றுக்கணக்கான வண்டி வேண்டும். ஆறு வண்டியை வைத்துத் தொடர் ஓட்டம் நடத்துவது, இரண்டு பேரை வைத்துக்கொண்டு தேர் இழுப்பது மாதிரி.

சிறிய அளவில் முயன்றோம். திரும்பி வரும் வண்டி ஓசூர் சேர்ந்ததும் ஆக்டிங் டிரைவர் ஒருவர் ஏறி நாமக்கல் வரை ஓட்டுவது, நம்மவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவது. தொப்பூர் கணவாய் இறக்கம் இந்தப் பகுதியில்தான் வருகிறது. களைத்தவர் கையில் அந்த இறக்கத்தைக் கொடுக்க வேண்டாம் என்பதே நோக்கம். டீசல் யார் பொறுப்பு, டூல் பாக்ஸ் யார் பொறுப்பு என்ற சண்டை முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. அதை விடப் பெரிய கவலை, ஆக்டிங் டிரைவரின் உரிமத்தில் ஏதாவது கோளாறு இருந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். தெரிந்த இருவரின் உரிமத்தைச் சரிபார்த்து அவர்களை மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த இருவரும் கிடைக்காத நாளில் வண்டி ஓசூரிலேயே நிற்கும்.

உடல் தகுதி என்ற ஒரு தாள்

பரிசோதனையைப் பற்றி எனக்கு அதிக நம்பிக்கை இருக்கவில்லை. போக்குவரத்து வாகன உரிமத்துக்குப் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வேண்டும். 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிகிறாரா, மாலைக்கண் உண்டா, ஒலி கேட்கிறதா என்று அதில் கேள்விகள். நல்ல கேள்விகள்தான். கேட்டுப் பார்க்காமலே கையெழுத்து விழுவதும் உண்டு என்பது ஊரறிந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த உரிமத்தின் ஆயுள் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாகிவிட்டது. அலைச்சல் மிச்சம், ஆனால் நாற்பத்தெட்டு வயதில் தெரிந்த கண் ஐம்பத்து மூன்றிலும் அப்படியே தெரியும் என்று யார் சொன்னது? அமெரிக்காவில் வணிக ஓட்டுநருக்கு மருத்துவச் சான்று அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத்தான்.

ஆறு பேரையும் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மூவருக்குக் கண்ணாடி வேண்டும் என்றார். ஒருவர் எதிர்வண்டியின் விளக்கு இரவில் பூப்போல விரிகிறது என்று இரண்டு ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். கண்புரை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மருத்துவரிடம் காட்டாமலே இருந்திருக்கிறார். அறுவை முடிந்து திரும்பிவிட்டார். அந்த மாதம் அரைச் சம்பளமாவது கொடுத்திருக்காவிட்டால் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

தூக்கம் பற்றிப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை. தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உள்ளவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் களைப்போடுதான் எழுவார். உரத்த குறட்டை, பருத்த கழுத்து, பகலில் கண் சொக்குவது ஆகியவை அதன் அடையாளங்கள். உட்கார்ந்து படிக்கும்போது, பயணத்தில், சாப்பிட்ட பின் என்று எட்டு நிலைமைகளில் தூங்கிவிடுவீர்களா என்று கேட்டு 24க்கு மதிப்பெண் போடும் எளிய கேள்வித்தாள் ஒன்று மருத்துவர்களிடம் இருக்கிறது. பத்துக்கு மேல் போனால் பார்க்க வேண்டும். எங்கள் ஷெட்டில் ஒருவருக்குப் பதினைந்து வந்தது. சூளகிரிக்காரருக்கு நான்கு. அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை. பரிசோதனை அவரைத் தேர்ச்சி என்றுதான் சொல்லியிருக்கும், அடுத்த முறையும் அனந்தபூர் வாசலுக்கே அனுப்பியிருக்கும்.

கேமரா

அண்ணனின் விருப்பம். இமை மூடும் நேரத்தை அளந்து அலறும். 2025இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியிலும் புதிய பஸ்கள், லாரிகளுக்குத் தூக்க எச்சரிக்கைக் கருவி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் மூடினால் வண்டி அறுபத்தைந்து மீட்டருக்கு மேல் ஓடிவிடும், அந்த மூன்றை ஒன்றாக்கினால் ஓர் உயிர் மிஞ்சும். ஆனால் அலாரம் அடிக்கும்போது ஓட்டுநர் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுந்து என்ன செய்வார்? பார்ட்டி ஏழு மணிக்கு வண்டி வேண்டும் என்றிருக்கிறான், முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டுவார். எங்கள் ஓட்டுநர் ஒருவர் கேட்டார்: "ஆலை வாசலில் அந்தக் கேமராவை வைப்பீர்களா அம்மணி?"

நாங்கள் எடுத்த முடிவு

விமானிகளின் ஓய்வு விதி இறுகியபோது, 2025 டிசம்பரில், ஒரு பெரிய விமான நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தது. நாடு முழுக்க அதே பேச்சு. ஓய்வு விதியை உண்மையாக அமல்படுத்தினால் அதற்கு ஒரு விலை உண்டு என்று அன்று எல்லாருக்கும் தெரிந்தது. லாரியில் அந்த விலையை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஐரோப்பிய முறையில் முதலாளி கொடுக்கிறார், அமெரிக்க முறையில் பெரும்பாலும் ஓட்டுநர் கொடுக்கிறார், இப்போது நம் முறையில் சாலையில் எதிரே வருபவர் கொடுக்கிறார். காக்க வைப்பவரையும் அதில் பங்கு கொடுக்க வைக்கும் வழி எதுவோ அதற்கே என் ஓட்டு. அதனால் ஜப்பானியப் பதிவேட்டை முதலில் எடுத்தோம், கேமராவைக் கடைசிக்குத் தள்ளினோம்.

வண்டிக்கு ஒரு தாள். ஆலையோ கிடங்கோ சேர்ந்த நேரம், டோக்கன் நேரம், ஏற்றத் தொடங்கிய நேரம், வெளியே வந்த நேரம். நான் அதை எடைச்சீட்டோடும் ஃபாஸ்டேக்கோடும் ஒப்பிடுவேன். ஓட்டுநர் எழுந்த நேரத்திலிருந்து பதினாறு மணி நேரம் கடந்துவிட்டால் வண்டி எடுக்கக் கூடாது, எவ்வளவு ஓட்டியிருந்தாலும், ஓட்டாதிருந்தாலும். இரவு 2 முதல் 5 வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்குச் சரியும் நேரம், அப்போது வண்டி நிற்கும். டிரிப் பேட்டாவில் ஒரு பகுதியை மாதச் சம்பளத்துக்கு மாற்றினோம், காத்திருப்புக்கு மணிக் கணக்கில் படி வைத்தோம். கண் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை. ஓசூர் ஏற்பாடு, ஆள் கிடைக்கும்போது மட்டும்.

இவற்றில் பதினாறு மணி நேர விதிக்குத்தான் வீட்டில் எதிர்ப்பு. அதனால் சில டிரிப்புகள் கையை விட்டுப் போகும் என்றார் அண்ணன். போயின. ஓட்டுநர்களும் முதலில் நம்பவில்லை. எழுந்த நேரத்தைப் பொய்யாக எழுதினார்கள், மூன்று பேர் தினமும் சரியாகக் காலை 8 மணிக்கே எழுந்தார்கள். காத்திருப்புப் படி கையில் வந்த பிறகு அவர்கள் எழும் நேரம் மெல்ல 5 மணிக்குத் திரும்பியது.

இரண்டு மாதத் தாள்களைச் சேர்த்து, எட்டு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்த நான்கு பார்ட்டிகளுக்கு எடைச்சீட்டு நகலோடு ஹால்டிங் பில் (காத்திருப்புக் கட்டணம்) அனுப்பினேன். ஒருவர் பேரம் பேசிப் பாதி கொடுத்தார். ஒருவர் எங்கள் வண்டிக்கு லோடு தருவதையே நிறுத்திவிட்டார். மற்ற இருவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அனந்தபூர் ஆலை அந்த இருவரில் ஒன்று.